போக்கிடம் இல்லாத தண்ணீர்

2008 ஜூன் மாதம். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் ஃபெர்னோ என்றொரு காடு. அமெரிக்க வனத்துறை பல பத்தாண்டுகளாக ஆய்வுக்கென்றே பராமரித்துவரும் காடு அது. அங்கே ஓர் எரிவாயுக் கிணறு தோண்டினார்கள். பாறையைப் பிளப்பதற்காக உள்ளே செலுத்திய நீர் மேலே திரும்பி வந்தது. அதை என்ன செய்வது? மரங்கள் அடர்ந்த அரை ஏக்கர் நிலத்தைத் தேர்ந்தெடுத்து, சுமார் 3 லட்சம் லிட்டர் நீரை அதில் தெளித்துவிட்டார்கள். இதற்கு மாநில அரசின் முறையான அனுமதி இருந்தது.

தரையிலிருந்த செடிகொடிகள் சில நாட்களிலேயே கருகின. பத்து நாட்களுக்குள் மரங்களின் இலைகள் பழுத்து உதிரத் தொடங்கின. இரண்டு ஆண்டுகள் கழித்து எண்ணிப் பார்த்தபோது, அந்தத் துண்டு நிலத்தின் மரங்களில் 56 சதவீதம் பட்டுப்போயிருந்தன. மண்ணில் சோடியமும் குளோரைடும் ஏறத்தாழ 50 மடங்கு கூடியிருந்தன. வனத்துறையின் மண்ணியல் ஆய்வாளர் மேரி பெத் ஆடம்ஸ் 2011-இல் இதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்.

அந்த மண்ணையும் மரங்களையும் தொடர்ந்து அளந்துகொண்டிருந்தவர்கள் அங்கேயே இருந்தார்கள். அதனால்தான் இவ்வளவும் நமக்குத் தெரியவந்தது. இதே மாதிரியான நீர் பென்சில்வேனியாவின் ஆறுகளில் விடப்பட்டிருக்கிறது. ஒஹையோவின் கிராமச் சாலைகளில் தெளிக்கப்பட்டிருக்கிறது. ஓக்லஹோமாவிலும் டெக்சாஸிலும் பூமிக்குள் செலுத்தப்பட்டிருக்கிறது. வடக்கு டகோட்டாவில் குழாய் உடைந்து ஓடையில் கலந்திருக்கிறது. அங்கெல்லாம் மனிதர்கள் குடியிருக்கிறார்கள். அவர்கள் உடம்பில் என்ன நடந்தது என்பதை, அந்த மரங்களை அளந்த அக்கறையோடு யாரும் அளக்கவில்லை. நீரைச் செலுத்திப் பாறையைப் பிளந்து வாயு எடுக்கும் இந்த நீரியல் விரிசல் முறை பற்றிய விவாதத்தில் என்னை மிகவும் கலங்கவைப்பது இதுதான்.

38 கோடி ஆண்டுப் பழைய கடல்

நியூயார்க்கிலிருந்து மேற்கு வர்ஜீனியா வரை மண்ணுக்கடியில் விரிந்து கிடக்கிறது மார்செல்லஸ் என்ற களிப்பாறைப் படுகை. 38 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சேறு, இறுகிப் பாறையானது. அதன் நுண்துளைகளில் எரிவாயு சிக்கிக் கிடக்கிறது. வெறுமனே துளை போட்டால் அது வெளியே வராது. அதனால் ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் ஆழத்துக்குச் செங்குத்தாகத் துளைத்து, அங்கிருந்து பக்கவாட்டில் திரும்பி, மணலும் ரசாயனங்களும் கலந்த நீரைப் பேரழுத்தத்தில் செலுத்திப் பாறையைப் பிளக்கிறார்கள். விரிசல் மூடிக்கொள்ளாமல் மணல் தாங்கி நிற்க, வாயு கசிந்து மேலேறுகிறது.

ஒரு கிணற்றுக்கு ஒன்றரைக் கோடி லிட்டருக்கும் மேல் தண்ணீர் தேவை. கலவையில் 99.5 சதவீதம் தண்ணீரும் மணலும்தான் என்பது நிறுவனங்கள் வழக்கமாகச் சொல்லும் சமாதானம். மீதி அரை சதவீதத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஒன்றரைக் கோடி லிட்டரில் அது 75,000 லிட்டர். ஏழெட்டு டேங்கர் லாரி நிறைய ரசாயனம்: குழாயில் உராய்வைக் குறைக்க, துருப்பிடிக்காமல் காக்க, நுண்ணுயிர்களைக் கொல்ல.

ஆனால் உள்ளே போகிற ரசாயனத்தைவிட, பாறை தன் பங்குக்குச் சேர்த்து அனுப்புவதுதான் பெரிய தலைவலி. மார்செல்லஸில் செலுத்திய நீரின் பெரும்பகுதி உள்ளேயே தங்கிவிடுகிறது. முதல் சில வாரங்களில் திரும்பி வருவது 10 முதல் 30 சதவீதம் வரை. பிறகும் கிணறு வாயு தரும் காலமெல்லாம் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். அது பாறைக்குள் அடைபட்டுக் கிடந்த பழைய கடலின் நீர். கடல்நீரைப் போல ஐந்தாறு மடங்கு உப்பு. அதில் பேரியம், ஸ்ட்ரான்ஷியம், புரோமைடு, ஆர்செனிக் இருக்கும். ரத்தப் புற்றுநோயோடு தொடர்புள்ள பென்சீன் இருக்கும். ரேடியமும் இருக்கும்.

ரேடியத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். குடிநீரில் ரேடியம் ஒரு லிட்டருக்கு 5 பிகோகியூரிக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அமெரிக்க விதி. மார்செல்லஸ் கழிவுநீரில் அதன் இடைநிலை அளவு 2,460 பிகோகியூரி என்று அமெரிக்க நிலவியல் ஆய்வகம் 2011-இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. கிட்டத்தட்ட 500 மடங்கு. அந்த நீரை யாரும் அப்படியே மொண்டு குடிக்கப்போவதில்லை, உண்மைதான். ஆனால் ரேடியம்-226 பாதியாகக் குறையவே 1,600 ஆண்டுகள் ஆகும். உடம்புக்குள் போனால் கால்சியம் என்று எண்ணி எலும்பு அதை ஏற்றுக்கொள்ளும். 1920-களில் நியூ ஜெர்சியின் தொழிற்சாலையில் இருட்டில் ஒளிரும் கடிகார எண்களை ரேடியச் சாயத்தால் எழுதிய இளம்பெண்கள், தூரிகை முனையை உதட்டில் வைத்துக் கூராக்கினார்கள். பலர் தாடையெலும்பு செல்லரித்துச் செத்தார்கள். ரேடியம் எலும்பை என்ன செய்யும் என்ற பாடத்தை அமெரிக்கா நூறு ஆண்டுகளுக்கு முன்பே அவர்களுடைய உயிரைக் கொடுத்துப் படித்துவிட்டது.

ஆற்றில் விட்டார்கள்

பென்சில்வேனியாவில் 2000-களின் இறுதியில் எரிவாயுக் கிணறுகள் மளமளவென்று பெருகின. லாரி லாரியாக வந்த கழிவுநீரை நகராட்சிகளின் சாக்கடை நீர் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு ஏற்றன. அந்த நிலையங்கள் கட்டப்பட்டதோ மனிதக் கழிவுக்காக. அங்கே பாக்டீரியாக்கள் அழுக்கைத் தின்னும். உப்பையும் ரேடியத்தையும் அவற்றால் என்ன செய்ய முடியும்? ஒரு பக்கம் நுழைந்த உப்பு மறுபக்கம் அப்படியே ஆற்றுக்குப் போனது.

2008 இலையுதிர் காலத்தில் மொனொங்கஹேலா ஆற்றில் நீர் வற்றியிருந்தது. கரைந்த உப்புகளின் அளவு வரம்பைத் தாண்டியது. பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் லட்சக்கணக்கான மக்களுக்கு, பாட்டில் தண்ணீரைக் குடியுங்கள் என்று அறிவுரை போனது. பழைய நிலக்கரிச் சுரங்கங்களின் கழிவும் அதற்கு ஒரு காரணம். ஆனால் எரிவாயுக் கழிவை ஏற்பதைப் பெரிதும் குறைக்கும்படி அந்த ஆற்றங்கரைச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு மாநில அரசு உத்தரவிட வேண்டிவந்தது.

உப்பு நாக்குக்குத் தெரியும். புரோமைடு தெரியாது. ஆற்றுநீரைக் குடிநீராக்கும்போது கிருமி கொல்லக் குளோரின் சேர்ப்பார்கள். புரோமைடு கலந்த நீரில் குளோரின் சேர்ந்தால் புரோமின் ஏறிய ட்ரைஹேலோமீத்தேன்கள் உருவாகும். இந்தச் சேர்மங்கள் நீண்டகாலம் உடம்பில் சேர்வதற்கும் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கும் தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. கிணற்றிலிருந்து பல மைல் கீழே, எரிவாயு என்ற சொல்லோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒரு வீட்டின் சமையலறைக் குழாயில் அது வந்து சேரும். மக்களைக் காக்கத்தான் குளோரின் போடுகிறோம். அந்தக் குளோரினையே இது திசைமாற்றிவிடுகிறது.

2011-இல் நியூயார்க் டைம்ஸ் இந்தக் கழிவின் கதிரியக்கத்தைப் பற்றித் தொடராக எழுதியது. அதே ஆண்டு ஏப்ரலில், மே 19-க்குள் களிப்பாறைக் கழிவை இந்த நிலையங்களுக்கு அனுப்புவதை நிறுத்திக்கொள்ளுங்கள் என்று மாநில அரசு நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. கவனியுங்கள், அது வேண்டுகோள். நகராட்சி நிலையங்களில் இதை விடக் கூடாது என்ற நாடு தழுவிய தடை 2016-இல்தான் வந்தது.

பென்சில்வேனியாவின் இண்டியானா மாவட்டத்தில் ஜோசஃபின் என்ற ஊர். எண்ணெய், எரிவாயுக் கழிவுக்கென்றே அமைந்த ஒரு சுத்திகரிப்பு நிலையம் அங்கே பிளாக்லிக் ஓடையில் நீரை விட்டுக்கொண்டிருந்தது. அந்த ஓடை வழிவழியாக ஓடி, பிட்ஸ்பர்க் குடிக்கும் அலெகெனி ஆற்றில் சேர்கிறது. டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010 முதல் 2012 வரை அங்கே மாதிரி எடுத்தார்கள். வந்த ரேடியத்தில் பத்தில் ஒன்பது பங்கை அந்த நிலையம் நீக்கியிருந்தது. அது பெரிய சாதனைதான். ஆனாலும் குழாய் ஓடையில் விழும் இடத்து வண்டலில் ரேடியம், குழாய்க்கு மேலே உள்ள ஓடைப்பகுதி வண்டலைப் போல சுமார் 200 மடங்கு இருந்தது. மீந்த பத்தில் ஒரு பங்கு தினம் தினம் படிந்து இந்த அளவுக்கு வந்திருக்கிறது. அதே குழுவினர் இதுபோன்ற மூன்று நிலையங்களின் அருகே மறுபடி சோதித்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில், ஓரிடத்தில் 650 மடங்கு வரை கண்டார்கள். களிப்பாறைக் கழிவு நின்றபிறகும், பழைய பாணிக் கிணறுகளின் கழிவு தடையில்லாமல் போய்க்கொண்டுதான் இருந்தது. பாறை எதுவானாலும் ரேடியம் ரேடியம்தானே!

சுத்திகரிப்பில் பிரிந்த அந்தப் பத்தில் ஒன்பது பங்கு எங்கே போனது? சேறாகக் குப்பைக் கிடங்குக்கு. கிடங்கில் மழை பெய்தால் கசிநீர் ஊறும். அந்தக் கசிநீர் மறுபடி நகராட்சிச் சுத்திகரிப்பு நிலையத்துக்கே வரும். பெல் வெர்னன் என்ற சிற்றூரின் நிலையத்தில் பாக்டீரியாக்கள் செத்துக்கொண்டே இருந்தன. கிணறு தோண்டும் கழிவை வாங்கும் ஒரு குப்பைக் கிடங்கின் கசிநீரே காரணம் என்று நிலையத்தார் புகார் சொன்னார்கள். 2019-இல் நீதிமன்றம் அந்தக் கசிநீரை நிறுத்தியது. குப்பைக் கிடங்குகள் தங்கள் கசிநீரில் ரேடியம் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும் என பென்சில்வேனியா ஆளுநர் அறிவித்தது 2021 ஜூலையில்.

புதைத்தார்கள், தெளித்தார்கள்

ஆற்றை மூடியதும் லாரிகள் ஒஹையோ பக்கம் திரும்பின. அங்கே கழிவை ஆழத்தில் செலுத்தும் கிணறுகள் உண்டு. 2011-இன் கடைசி நாளில் யங்ஸ்டவுன் நகரம் நிலநடுக்கத்தில் ஆடியது. அதற்கு அப்படியொரு கிணறு காரணம் என்று பிறகு தெரிந்தது. அதேபோல் ஓக்லஹோமாவில் 2016 செப்டம்பரில் பானி நகருக்கருகே ஏற்பட்ட நிலநடுக்கத்தின் அளவு 5.8. நில அதிர்வு செய்தியானது. செய்தியாகாதது மேற்கு வர்ஜீனியாவின் ஃபயட்வில் அருகே இருந்த சின்ன ஓடை. அங்கே கழிவு செலுத்தும் இடத்துக்குக் கீழே எடுத்த ஓடைநீரில், உடலின் ஹார்மோன்களைக் குழப்பும் தன்மையை 2016-இல் வெளியான ஆய்வுகள் பதிவுசெய்தன. பூமிக்கடியில் போட்டு மூடிவிட்டோம் என்று நம்பிய இடம் அது.

வடக்கு டகோட்டாவில் கழிவுநீர்க் குழாய் ஒன்று 2014 ஆகஸ்டிலிருந்து 2015 ஜனவரி வரை கசிந்தது. கொட்டியது 11 கோடி லிட்டர் அளவில் இருக்கும். பிளாக்டெயில் என்ற ஓடையை அது நாசமாக்கியது. குழாயை நடத்திய நிறுவனம் 2021-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்றரைக் கோடி டாலர் கட்ட நேர்ந்தது. அதே மாநிலத்தில் நூனன் என்ற ஊரில், கைவிடப்பட்ட பெட்ரோல் நிலையத்துக்குள் கதிரியக்கம் ஏறிய வடிகட்டித் துணிப்பைகளை மூட்டை மூட்டையாகக் கண்டுபிடித்தார்கள்.

சாலைக் கதை இன்னும் எளிமையானது. மண்சாலையில் புழுதி அடங்கவும் பனி உருகவும் உப்புநீர் உதவும். இலவசமாகக் கிடைக்கிறதே என்று பென்சில்வேனியா, ஒஹையோ ஊராட்சிகள் பழைய பாணிக் கிணறுகளின் கழிவுநீரை வாங்கித் தெளித்தன. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2018-இல் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள்: 2008 முதல் 2014 வரை அந்த மாநிலச் சாலைகளில் தெளித்ததன் வழியே சூழலில் கலந்த ரேடியம், சுத்திகரிப்பு நிலையங்கள் வழியே கலந்ததைப் போல நான்கு மடங்குக்கும் மேல். அந்தச் சாலையில் குழந்தைகள் சைக்கிள் ஓட்டியிருப்பார்கள்.

சட்டம் முந்திக்கொண்டது

இத்தனை நடந்தும் இந்த நீர் அமெரிக்கச் சட்டப்படி ஆபத்தான கழிவு அல்ல. 1980-இல் அமெரிக்க நாடாளுமன்றம் எண்ணெய், எரிவாயுத் துரப்பணக் கழிவுகளை ஆபத்தான கழிவுப் பட்டியலிலிருந்து தற்காலிகமாக விலக்கிவைத்தது. 1988-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, இவற்றில் சில நச்சுத்தன்மை உடையவை என்று அறிந்தும் அந்த விலக்கை நிலைப்படுத்தியது. பென்சீன் உள்ள கழிவு பெயிண்ட் தொழிற்சாலையிலிருந்து வந்தால் ஆபத்தானது. எரிவாயுக் கிணற்றிலிருந்து வந்தால் இல்லை. 2005 எரிசக்திச் சட்டம், டீசல் சேர்க்காதவரை நீரியல் விரிசலைக் குடிநீர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் பிடியிலிருந்தும் விடுவித்தது. பென்சில்வேனியாவில் பெரிய அளவில் வேலை தொடங்குவதற்கு முன்பே வேலிகள் எல்லாம் பிடுங்கப்பட்டிருந்தன.

மருத்துவர்களின் வாயையும் கட்டினார்கள். 2008-இல் கொலராடோவின் துரங்கோ நகரில், ரசாயனம் மேலே கொட்டிய ஒரு தொழிலாளிக்குச் சிகிச்சை தந்த அவசரப் பிரிவுச் செவிலியர், சில நாட்களில் உள்ளுறுப்புகள் செயலிழந்து மரணத்தின் விளிம்புக்குப் போனார். கலவையின் முழு விவரத்தைத் தர நிறுவனம் மறுத்துவிட்டது, வணிக ரகசியம் என்று. 2012-இல் பென்சில்வேனியா கொண்டுவந்த சட்டம், நோயாளிக்காக அந்த ரகசியத்தைக் கேட்கும் மருத்துவர் வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்திட வேண்டும் என்றது. மாநில உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை 2016-இல் தூக்கியெறிந்தது. நான்கு ஆண்டுகள் அது சட்டமாக இருந்தது என்பதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

தெரிந்ததும் தெரியாததும்

யேல் பல்கலைக்கழகப் பொதுச் சுகாதாரத் துறையினர் 2016-இல் ஒரு வேலை செய்தார்கள். விரிசல் திரவத்திலும் கழிவுநீரிலும் இருப்பதாகப் பதிவான 1,021 ரசாயனங்களை எடுத்துக்கொண்டு, கருவளர்ச்சிக்கும் இனப்பெருக்கத்துக்கும் அவை கேடு செய்யுமா என்று தேடினார்கள். 781 ரசாயனங்களைப் பற்றித் தகவலே இல்லை. தகவல் கிடைத்த 240-இல் 157 கேட்டோடு தொடர்புடையவை. பார்க்க முடிந்த இடத்திலெல்லாம் மூன்றில் இரண்டு பங்குக்குக் கிட்டத்தட்ட சந்தேகம். பார்க்க முடியாத இடம் அதைப் போல மூன்று மடங்கு.

மக்களிடம் என்ன தெரிகிறது? பென்சில்வேனியாவில் 11 லட்சம் பிறப்புகளை ஆராய்ந்து 2017-இல் வந்த ஆய்வு, கிணற்றிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வாழும் தாய்மாருக்கு எடை குறைந்த குழந்தை பிறக்கும் வாய்ப்பு 25 சதவீதம் அதிகம் என்றது. 2022-இல் வந்த யேல் ஆய்வு, பிறக்கும்போது இரண்டு கிலோமீட்டருக்குள் கிணறு இருந்த குழந்தைகளுக்கு ஒருவகை ரத்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு என்றது. அதே ஆண்டு வந்த இன்னொரு ஆய்வு நேராகத் தண்ணீரைப் பார்த்தது. பொதுக் குடிநீர் ஆதாரத்தின் ஒரு கிலோமீட்டருக்குள் புதிதாக ஒவ்வொரு கிணறு வரும்போதும் குறைப்பிரசவமும் எடைக்குறைவும் 11 முதல் 13 சதவீதம் கூடியதாக அது கண்டது.

பென்சில்வேனியாவின் வாஷிங்டன் மாவட்டத்தில் அரிதான எலும்புப் புற்றுநோயால் பிள்ளைகளை இழந்த பெற்றோர் ஆளுநரிடம் போய் நின்றார்கள். அவர்கள் தந்த நெருக்கடியால் 2019-இல் அரசு 30 லட்சம் டாலர் ஒதுக்கியது. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் ஆய்வு நடத்தியது. 2023 ஆகஸ்டில் முடிவு வந்தது. பெற்றோர் கேட்ட அந்த எலும்புப் புற்றுநோய்க்கும் கிணறுகளுக்கும் தொடர்பு காணப்படவில்லை. ஆனால் கிணற்றிலிருந்து ஒரு மைலுக்குள் வாழும் குழந்தைகளுக்கு நிணநீர்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஐந்து முதல் ஏழு மடங்கு அதிகம் என்று தெரிந்தது. ஆஸ்துமாவோடு வலுவான தொடர்பும் தெரிந்தது.

இவை தொடர்பைக் காட்டும் ஆய்வுகள். தூரத்தை அளந்தவற்றில் பலவற்றால் குற்றவாளி தண்ணீரா, காற்றா, இரண்டுமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் பிரிக்க முடியாமல் போனதற்கு ஒரு முக்கியக் காரணம், தோண்டுவதற்கு முன் அந்தக் கிணற்று நீரை, ஓடையை, ரத்தத்தைப் பெரும்பாலும் யாரும் சோதித்து வைக்கவில்லை என்பது. சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2015-இல் வெளியிட்ட வரைவு, குடிநீருக்குப் பரவலான பாதிப்பு இருப்பதாகச் சான்றில்லை என்றது. அறிவியல் ஆலோசகர்கள் அந்த வாக்கியத்துக்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். 2016 டிசம்பரில் வந்த இறுதி அறிக்கையில் அந்த வாக்கியம் இல்லை. சில சூழல்களில் குடிநீர் பாதிக்கப்படலாம், எவ்வளவு அடிக்கடி என்று கணிக்கத் தரவு போதாது என்று மட்டும் இருந்தது.

தொழிலாளர்கள் விஷயத்தில் அந்த ஐயமும் இல்லை. திரும்பி வரும் நீரைச் சேமிக்கும் தொட்டிகளின் மூடியைத் திறந்து அளவு பார்க்கும் வேலை அவர்களுடையது. திறந்ததும் எழும் ஆவியில், 2010-க்குப் பிறகு குறைந்தது நான்கு பேர் செத்திருப்பதாக அமெரிக்கத் தொழில்சார் சுகாதார நிறுவனம் 2014-இல் எச்சரித்தது.

காவிரிக் கரையில்

இந்தக் கதையில் நமக்கும் ஒரு நூல் இருக்கிறது. காவிரிப் படுகைக்கடியிலும் களிப்பாறை வாயு இருப்பதாக அமெரிக்க நிலவியல் ஆய்வகமே மதிப்பிட்டிருக்கிறது. 2013-இல் மத்திய அரசு பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களுக்கு அதைத் தேட அனுமதி தந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 30 அன்று, மீத்தேன் திட்டத்துக்கு எதிரான பிரச்சாரப் பயணத்தில் இருந்தபோதே பட்டுக்கோட்டை அருகே இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் காலமானார். 2017-இல் எரிவாயு, எண்ணெய் எடுப்பை எதிர்த்து நெடுவாசலும் கதிராமங்கலமும் எழுந்தன. 2020-இல் டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமானது. ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் பணிகளை மட்டும் அந்தச் சட்டம் தொடவில்லை. நெடுவாசல் விவசாயிகளின் எதிர்ப்பைப் பலர் அறியாமை என்று ஒதுக்கினார்கள். ஆனால் மேலே வரும் தண்ணீரை எங்கே விடுவீர்கள் என்ற கேள்விக்கு, இவ்வளவு வசதியுள்ள பென்சில்வேனியாவாலேயே பதில் சொல்ல முடியவில்லை.

இப்போது வயலுக்கு

பென்சில்வேனியாவில் இன்று பெரும்பாலான கழிவுநீரை அடுத்த கிணற்றைப் பிளக்க மறுபடி பயன்படுத்துகிறார்கள். நன்னீர் மிச்சமாகிறது, நல்ல விஷயம்தான். ஆனால் டெக்சாஸ், நியூ மெக்சிகோவின் பெர்மியன் படுகையில் ஒரு பீப்பாய் எண்ணெய்க்கு மூன்று நான்கு பீப்பாய் தண்ணீர் வருகிறது. அவ்வளவையும் மறுபயன்பாடு விழுங்காது. ஆழக் கிணறுகளோ அழுத்தம் ஏறித் திணறுகின்றன. எனவே சுத்திகரித்து வெளியே விடலாம் என்ற பேச்சு வேகம் பிடித்திருக்கிறது. 2025 மார்ச்சில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, சுத்திகரித்த நீரை மேய்ச்சல் நிலப் பாசனம், தரவு மையங்களைக் குளிர்விப்பது போன்றவற்றுக்கு விரிவாக அனுமதிக்க விதிகளைத் திருத்தப்போவதாக அறிவித்தது.

சுத்திகரித்துவிட்டோம் என்று சொல்ல, எதைத் தேடினோம் என்று முதலில் சொல்ல வேண்டும். 2020-இல் வந்த ஓர் ஆய்வு, இந்த நீரில் இதுவரை இனங்காணப்பட்ட 1,198 ரசாயனங்களில் 86 சதவீதத்துக்கு, ஆபத்தை மதிப்பிடத் தேவையான நச்சியல் தரவு இல்லை என்று கண்டது. டெக்சாஸ் அந்தத் தரவுக்காகக் காத்திருக்கவில்லை. இந்த நீரைச் சுத்திகரித்து விற்பவர்களையும் வாங்கிப் பயன்படுத்துபவர்களையும், கடும் அலட்சியம் போன்ற சில நிலைமைகளைத் தவிர, பாதிக்கப்பட்டவர்கள் தொடுக்கும் இழப்பீட்டு வழக்குகளிலிருந்து காக்கும் சட்டம் ஒன்றை அதன் சட்டமன்றம் நிறைவேற்றியது. 2025 செப்டம்பர் 1 முதல் அது அமலில் இருக்கிறது.